வெள்ளை அணு 16,800 இருந்தும் கால் புண் ஏன் ஆறவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழை பிடித்ததும் வழக்கம்போல வீசிங் வந்தது. டாக்டர் ஒரு வாரத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார், மூச்சு சரியாகிவிட்டது. ஆறாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 16,800 என்று வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோயாக இருக்கும் என்று லைன் வீட்டுக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். இதற்கிடையில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து கணுக்காலில் புண்ணாகி, பத்து நாளாக ஆறவில்லை. கிருமியை எதிர்க்கும் அணுக்கள் இவ்வளவு இருந்தும் ஏன் ஆறவில்லை?
— வாசகி, பந்தலூர்

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் வெள்ளை அணு வகைகளில் நியூட்ரோபில் 84 சதவீதம், லிம்போசைட் 13, மோனோசைட் 3, ஈயோசினோபில் பூஜ்யம். ஹீமோகுளோபினும் தட்டணுவும் சரியாக இருக்கின்றன. காய்ச்சலும் இல்லை என்கிறீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களின் ரிப்போர்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நியூட்ரோபில் ஏறும், லிம்போசைட்டும் ஈயோசினோபிலும் இறங்கும். வழக்கமான அளவு 4,000 முதல் 11,000 என்பதால் 16,800 பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வியும் தீர்ந்துவிடும்.

எஸ்டேட் வீட்டுப் பிள்ளையான உங்களுக்குப் பெரட்டுக்களம் தெரியும், வேலைக்கு முன் தொழிலாளர்களைக் கூட்டி ஆள் எண்ணும் இடம். அங்கே நிற்கும் தலைகளை மட்டும் எண்ணினால், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். ஊசியில் வருவது ஓடும் ரத்தத்தில் மிதக்கும் அணுக்கள் மட்டுமே. ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் நியூட்ரோபில்களில் ஏறக்குறைய பாதி, எந்த நேரமும் குழாய்ச் சுவரை ஒட்டியே இருக்கும். அவை எண்ணிக்கைக்கு வராது. ஸ்டீராய்டு அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. சுவரில் இருந்தவை ஓட்டத்தில் கலக்கின்றன, எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொஞ்சம் கூடுதலாக வருகின்றன, வெளியே போக வேண்டியவை போகாமல் உள்ளேயே சுற்றுகின்றன. களத்தில் கூட்டம் அதிகம், மலையில் ஆள் இல்லை.

சரி, வெளியே போவது எப்படி? வெள்ளை அணுக்களைப் போர்வீரர்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். எனக்கு அட்டைதான் ஞாபகம் வரும். மழைக்காலத்தில் செருப்பின் மேல் அது ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்வாயை ஊன்றும், பின்பக்கத்தை விடுவித்து உடம்பை இழுக்கும், மறுபடி முன்னால் நீளும். ஊன்றாவிட்டால் நகர முடியாது, ஊன்றியதை விடாவிட்டாலும் நகர முடியாது.

கணுக்காலில் கிருமி நுழைந்ததும் அங்குள்ள ரத்தக் குழாயின் உள்சுவர் செலெக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டுகிறது. ஓடி வரும் நியூட்ரோபில் அதில் பட்டுப் பட்டு, வேகம் குறைந்து சுவரோரமாக உருள்கிறது. கொண்டை ஊசி வளைவில் லாரி கியரைக் குறைத்து இறங்குகிற மாதிரி. புண்ணிலிருந்து வரும் ரசாயனச் செய்தி எட்டியதும், அணுவின் மேல் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் என்ற இன்னொரு புரதம் நிமிர்ந்து சுவரை இறுகப் பிடிக்கிறது. அப்புறம் அணு தட்டையாகி, சுவர் செல்களின் இடுக்கில் முன்பக்கத்தை நுழைத்து, பின்பக்கத்தின் பிடியை விட்டுவிட்டு வெளியே வருகிறது. அதற்குப் பிறகு நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) நகரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பின்னால் வந்து குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய அணுவுக்கு இன்னும் விசேஷமான கால்கள் உண்டு. போடோசோம் என்று பெயர், அதில் முன்பாதி கிரேக்க மொழியில் பாதத்தைக் குறிப்பது. ஒவ்வொன்றும் சுமார் ஒரு மைக்ரான் அகலம், தலைமுடியின் தடிமனில் சுமார் எழுபதில் ஒரு பங்கு. நடுவில் ஆக்டின் என்ற புரத நார்களாலான ஒரு தூண், சுற்றி ஒட்டும் புரதங்களின் வளையம். சில நிமிடங்களில் தோன்றிக் கரைந்துவிடும். ஊன்றிய இடத்தில் திசுவைக் கொஞ்சம் அரித்து வழியும் செய்துகொள்ளும்.

இந்தப் பிடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அரிய பிறவிக் குறை சாட்சி. இன்டெக்ரினின் ஒரு பகுதி சரியாக உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் வெள்ளை அணு மிக அதிகமாக இருக்கும். ஆனால் புண்ணில் சீழே பிடிக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் விழ வேண்டிய தொப்புள்கொடி ஒரு மாதம் தாண்டியும் விழாது. உங்கள் அப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மாத்திரை தற்காலிகமாகப் பிடியைத் தளர்த்தியிருக்கிறது, அவ்வளவே.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு வார மாத்திரை என்றால் டாக்டர் சொன்ன நாளில் நிறுத்தலாம். பல வாரம் சாப்பிடுபவர்கள் மட்டும் தாங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. சர்க்கரை அளவைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டீராய்டு அதை ஏற்றும், ஏறினால் புண் இன்னும் தாமதமாக ஆறும். புண்ணைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை எதுவும் வேண்டாம். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு தெரிந்தால் அதைக் காட்டுங்கள். நம் மலையில் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலும் உண்டு, அதைப் பரப்புவது அட்டை அல்ல, உண்ணியினச் சிறு பூச்சி.

மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, ஸ்மியரோடு (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) சேர்த்து ஒருமுறை ரத்தம் பாருங்கள். எண்ணிக்கை இறங்காவிட்டாலோ, முதிராத அணுக்கள் தெரிந்தாலோ ரத்தவியல் மருத்துவரைப் பார்க்கலாம். அதுவரை லைன் வீட்டுக்காரர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அட்டை ஒட்டினால் உப்புப் போடாமல், பிய்த்து இழுக்காமல், நகத்தை வாயோரம் நுழைத்து நெம்பி எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம்.