தொடை வலிக்கு ஐஸ் தொட்டி வாங்கணுமா?

கேள்வி: வயது 43. வேளச்சேரியில் அபார்ட்மென்ட் வாசம். சமீபத்தில்தான் ஜிம்மில் சேர்ந்தேன். ஸ்குவாட் (எடையோடு குந்தி எழுவது) செய்த மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். 'லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது, ஐஸ் பாத் எடுங்க' என்கிறார் டிரெய்னர். காற்றடைக்கும் தொட்டியும் எப்சம் உப்பும் சேர்த்து 18,000 ரூபாய்க்கு அவரே வாங்கித் தருவாராம். அம்மாவோ வெந்நீரில் காலை வைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது? சுகருக்கு ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: தொட்டி வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

லாக்டிக் ஆசிட் கதையை முதலில் முடித்துவிடுவோம். உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் சுமார் ஒரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் வரும் வலிக்கு அதன்மேல் பழி போட முடியாது. பழக்கமில்லாத பாரத்தைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்யும் வேலை நடக்கும்போது வருகிற வலி இது. இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நாலைந்து நாளில் தானாகப் போய்விடும். அடுத்த முறை அதே ஸ்குவாட்டுக்கு இவ்வளவு வலிக்காது.

குளிர்நீரால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. 10 முதல் 15 டிகிரித் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் வலி ஓரளவு குறையும். நாளைக்கே இன்னொரு மேட்ச் ஆட வேண்டிய ஆட்டக்காரருக்கு அது உதவும். நீங்கள் தசையை வளர்க்க ஜிம்முக்குப் போகிறவர். 2015இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 12 வாரம் எடை தூக்கி, ஒவ்வொரு முறையும் உடனே குளிர்நீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்தது. முடித்ததும் மெதுவாக சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதைவிட நன்றாக வளர்ந்தது. மாதச் சந்தா கட்டி வளர்ப்பதை 18,000 கொடுத்து ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்?

அப்புறம் ஐஸ் கணக்கு. நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டரை 15 டிகிரிக்குக் கொண்டுவர 30 கிலோவுக்கு மேல் ஐஸ் வேண்டும். ஃபிரிட்ஜில் இருக்கும் இரண்டு டிரே எந்த மூலைக்கு? மீன் மார்க்கெட் ஐஸ் பாரை ஆட்டோவில் ஏற்றிவரும் ஆட்களும் இருக்கிறார்கள். அது குடிக்கிற தரத்தில் செய்த ஐஸ் அல்ல. காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் வம்பு. 2019இல் குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்ற ஊரில், ஒரு ஆள் தொடைவலிக்கு 200 லிட்டரா என்றும் எனக்குத் தோன்றும்.

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். அது தோல் வழியே உள்ளே போய்த் தசையை ஆற்றும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. சுகம் தருவது வெந்நீர், பேர் வாங்கிக்கொள்வது உப்பு.

சின்னதாக ஓர் இட்லிக் கடை போடுபவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஜிம்மில் டிரெய்னராக நிற்க அப்படி ஒரு உரிமமும் வேண்டாம். வார இறுதியில் ஒரு சான்றிதழ், ஒரு டி-ஷர்ட், வேலை முடிந்தது. புரோட்டீன் டப்பா, பெல்ட், ரத்தப் பரிசோதனை பேக்கேஜ், இப்போது தொட்டி! ஒவ்வொன்றிலும் கமிஷன். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று மருந்தைச் சொல்பவரே கைகாட்டினால், அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

இனி நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியது. எனக்கு அதுதான் முதல் வரி. பல வருடம் சுகர் இருந்தால் பாத நரம்புகள் மெல்ல மரத்துப்போகலாம். மரத்ததே தெரியாது என்பதுதான் ஆபத்து. தண்ணீர் கொதிக்கிறது என்று கால் சொல்லாது. தோல் வெந்து கொப்புளமாகி, அது புண்ணாகி, விரலை எடுக்கும் வரைக்கும் போனவர்கள் உண்டு. 'வெதுவெதுப்பாத்தான் இருந்துச்சு சார்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஐஸுக்கும் இதே கதைதான், உறைந்து புண்ணாவது தெரியாது. எனவே பாதத்தை ஊறவைப்பது உங்களுக்கு எந்தத் தண்ணீரிலும் கூடாது. அம்மா கோபித்துக்கொண்டாலும் சரி. வருடத்துக்கு ஒருமுறை பாத உணர்வைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற, சில நிமிட வேலை. ஆனால் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிவரும் எத்தனை பேரிடம் 'செருப்பைக் கழற்றுங்க' என்று சொல்கிறார்கள்? நீங்களே கழற்றிக் காட்டிக் கேளுங்கள்.

குளியலுக்குத் தடையில்லை. ஜிம்மிலிருந்து வந்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, வியர்வை அடங்கட்டும். சூட்டோடு சூடாக வெந்நீரில் குளித்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். காலையில் வெயிலுக்கு முன் டேங்க் தண்ணீரே போதும். மே மாதத்து மதியம் அந்தத் தண்ணீரைத் தொடவே முடியாது. வலிக்கிற நாட்களில் இரண்டு பக்கெட் மிதமான வெந்நீரை, 37 டிகிரிக்குள், இடுப்பிலும் தொடையிலும் ஊற்றிக்கொள்ளுங்கள். சூட்டை வீட்டில் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். வாட்டர் ஹீட்டர் ராடு போடுகிறவராக இருந்தால், சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே பக்கெட்டில் கை. மறுநாள் படுத்துக் கிடக்காமல் மெதுவாக நடங்கள். ஸ்குவாட் எடையை இரண்டு வாரம் பாதியாக்குங்கள்.

வலி மாத்திரை கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வியர்த்து வற்றிய உடம்பில், அதுவும் சுகர் இருக்கும்போது, டைக்ளோஃபினாக் வகையறா சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, தொடை வீங்கிக் கல்லாக இறுகினாலோ, தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது எனக்கு எழுதி பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.