குறியீடு, தொனி, கருப்பொருள் எண்டா என்ன? கவிதையில, படத்தில அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

சிம்பிளா சொன்னா கருப்பொருள் எண்டது அந்தப் படைப்பு எதைப் பற்றிக் கதைக்குது எண்டது, தொனி அதை என்ன குரலில சொல்லுது எண்டது, குறியீடு ஒரு சாமான் தன்னையும் காட்டி இன்னொண்டையும் சேர்த்துச் சொல்லுறது.

எங்கட வீடுகளில குருத்தோலைத் தோரணம் கட்டுவினமெல்லோ, கலியாணத்துக்கு மடிக்கிற குருவி வேற, செத்தவீட்டுக்கு மடிக்கிறது வேற, ஓலை ஒண்டுதான் ஆனா றோட்டால போறவனுக்கே உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு விளங்கீடும், ஓலைதான் குறியீடு, மடிப்புத்தான் தொனி, உள்ளுக்கு நடக்கிறதுதான் கருப்பொருள்.

ஏன் விளங்குது? கனகாலமா எல்லாரும் ஒரே மாதிரிப் பாவிச்சதால. சங்கப் பாட்டில முல்லை, மழைக்காலம், பின்னேரம் வந்தா தலைவி காத்திருக்கிறாள் எண்டு அர்த்தம், ஆரும் விளக்கத் தேவையில்லை (முல்லைத்தீவுக்காரருக்கு இது இன்னும் லேசா ஏறும் எண்டு நான் பகிடிக்குச் சொல்லுறனான்).

ஆனா இடமும் காலமும் மாறினா அர்த்தமும் மாறும். பள்ளிக்கூடப் பாட்டில பனை எண்டா கற்பகதரு. 2009இல சண்டை முடிஞ்ச பிறகு வன்னியில ஒருத்தர் வட்டு (உச்சி ஓலைக்கொத்து) இல்லாத மொட்டைப் பனையைக் கீறினா அது ஷெல்லையும் போன ஆக்களையும் சொல்லும், அதையே கறுப்புக் கோட்டில கீறினா ஒரு தொனி, அடியில ஒரு வடலி முளைக்கிற மாதிரிக் கீறினா வேறொண்டு.

கனபேர் நினைக்கிற மாதிரி எழுதினவர் ஒளிச்சு வைச்ச ஒரேயொரு விடையைத் தேடுற விளையாட்டு இல்லை இது, அதுக்காக வரியில சான்று இல்லாமல் வாயில வந்ததைச் சொல்லவும் ஏலாது, சில பாட்டில கிணறு வெறும் கிணறுதான்.