கேளுங்க அண்ணாச்சி: இதுக்கு எதுக்கு சார் கிளாஸ்?

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.எட். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன் அண்ணாச்சி. டீச்சிங் பிராக்டிஸில் பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ். 40 பேரில் 35 மார்க்குக்குக் குறையாமல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும் புரோகிராமை, கிளாஸ் (தகவலையும் அதை வைத்துச் செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டித் தரும் அச்சு) போட்டு எழுதிக் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, “இதுக்கு எதுக்கு சார் கிளாஸ், லூப்பே போதுமே” என்றான் (லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது). “இதான் ஓஓபி பாராடைம்” (ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்ற அணுகுமுறை) என்று உட்கார வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

பதில்: பையன் சொன்னதுதான் சரி தம்பி. நீங்கள் எழுதியதும் லூப்தான், மேலே கிளாஸ் என்று ஒரு சட்டை மாட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். கிளாஸ் என்ற சொல் இருந்தால் ஓஓபி, பைத்தான் என்றால் ஒரு பாராடைம், சி என்றால் இன்னொன்று என்றே நம்மில் பலர் படித்து வந்திருக்கிறோம் (நானும் அப்படித்தான், ரொம்ப நாள்). பாராடைம் மொழியில் இல்லை, கணக்கை எப்படிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

கிளாஸ் எங்கே பிறந்தது என்று பாருங்கள். நார்வேயில் டால், நைகார்ட் இருவரும் செய்த சிமுலா 67-இல். வரிசை, காத்திருப்பு மாதிரி விஷயங்களைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்கத்தான் அந்த மொழியே. நம்ம ஊரில் நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் அல்வாவுக்கு நிற்கிற கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்களேன். ஒருத்தருக்குக் கால் கிலோ, ஒருத்தருக்கு இரண்டு கிலோ, ஒருத்தர் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று பாதியில் நழுவுகிறார், கடைக்காரர் கையில் சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொருவருக்கும் சொந்த நிலை, சொந்த வேலை. இதை ஒரே லூப்பில் எழுதச் சொல்லுங்கள், அந்தப் பையனே கிளாஸ் கேட்பான்.

மார்க் எண்ணுவதை எஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் கேட்டால் ஒரே வரி: எது வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம், எப்படி எண்ணுவது என்பது அதன் பாடு. அதுவும் பிளஸ் டூ புத்தகத்திலேயே இருக்கிறது, பியூர் ஃபங்ஷனும் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது, வெளியே எதையும் மாற்றாதது) முதல் பாடத்திலேயே வருகிறது. கிளாஸ், எஸ்கியூஎல், பியூர் ஃபங்ஷன் மூன்றும் மூன்று விதமாகப் பார்ப்பது என்று சொல்லாமல், தனித்தனி மார்க் கேள்வியாக நடத்திவிட்டுப் போகிறோம்.

1978-இல் கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டியூரிங் விருதைப் பெற்ற உரையில், விஞ்ஞானி ராபர்ட் ஃபிளாய்ட் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டதும் இதுதான்: நீங்கள் எந்தப் பாராடைமில் யோசிக்கிறீர்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு அதை வெளிப்படையாகவே சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த வகுப்பில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, “நீ கேட்டது நல்ல கேள்விடே” என்று சொல்லிவிட்டு அல்வா வரிசையை போர்டில் போடுங்கள்.