வாசகர் கேள்வி–பதில்: முதலில் ஆய்வகம், பிறகு பணம்

மூலக்கூறு உயிரியல் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த நான்கு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். மகள் பினாங்கில் மூலக்கூறு உயிரியலில் முதுகலை முடிக்கப் போகிறாள். ஐரோப்பாவில் பிஎச்.டி. செய்ய அனைத்துலக அமைப்புகளிடம் உதவி வாங்கித் தருவதாக ஒருவர் 4,000 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், ஐயா. கீழே நாங்கள் சொல்லும் இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. மகள் தன் பெயரில், தன் மின்னஞ்சலிலிருந்து நேரே விண்ணப்பிக்க வேண்டும். இடையில் ஓர் ஆள் இருப்பதால் எந்தக் கதவும் கூடுதலாகத் திறக்காது.

முதல் இடம், 1974-இல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம். தலைமையகம் ஜெர்மனியின் ஹைடல்பெர்க். ஹாம்பர்க், கிரெனோபிள், ரோம், பார்சலோனா, இங்கிலாந்தின் ஹிங்ஸ்டன் ஆகிய இடங்களிலும் கிளைகள் உண்டு. இதன் பிஎச்.டி. திட்டத்துக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சி அங்கே நடக்கும், பட்டத்தை ஒரு பல்கலைக்கழகம் வழங்கும்.

இரண்டாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்கோடோவ்ஸ்கா கியூரி திட்டத்தில் வரும் முனைவர் பட்ட வலையமைப்புகள். இவை உபகாரச் சம்பளம் என்பதைவிட வேலை என்றே சொல்ல வேண்டும். ஒப்பந்தம், மாதச் சம்பளம், சமூகக் காப்புறுதி எல்லாம் சேர்ந்து வரும். காலியிடங்கள் ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யுராக்செஸ் (EURAXESS) இணையத்தளத்தில் ஒவ்வொன்றாக விளம்பரமாகும். இதில் ஒரு விதியைக் கவனமாகப் படிக்கச் சொல்லுங்கள்: வேலைக்குச் சேரும் நாளுக்கு முந்திய 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் 13 மாதம் இருந்துவிட்டு வந்தவர் ஜெர்மன் ஆய்வகத்தில் சேர முடியாது, ஆனால் பிரெஞ்சு ஆய்வகத்தில் சேரலாம். மதிப்பெண் நன்றாக இருந்தும் இந்தக் கணக்கில் தவறிப்போகிறவர்கள் உண்டு.

இன்னொரு தடங்கல் பரிந்துரைக் கடிதம். அதைப் பேராசிரியரே இணையத்தில் நேரே பதிவேற்ற வேண்டும். ஆறு வாரத்துக்கு முன்பே கேட்டு, மதிப்பெண் பட்டியலையும் ஆய்வுச் சுருக்கத்தையும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இறுதி நேரம் பிரஸ்ஸல்ஸில் மாலை 5 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் நள்ளிரவு 12, கோடையில் இரவு 11. கடைசி நாளை நம்பாமல் இரண்டு நாள் முன்னதாக அனுப்புவதே நல்லது. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் இருந்தால், மேற்படிப்பைக் காட்டித் தவணையைத் தள்ளிவைக்கப் புறப்படும் முன்பே விண்ணப்பிக்கட்டும்.

கேள்வி: திசு வளர்ப்புச் செம்பனையில் டி.என்.ஏ. மெத்திலேற்றம் (டி.என்.ஏ.வில் ஒட்டும் சிறு வேதிக் குறி) பற்றி பிஎச்.டி. செய்கிறேன். டி.என்.ஏ. இழையை நுண்துளை வழியே செலுத்தி அதன் எழுத்து வரிசையைப் படிக்கும் நானோபோர் முறையைக் கற்க இரண்டு மாதம் ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்றுக்குப் போக வேண்டும். குறுகிய பயணத்துக்கு யார் உதவுவார்கள்?

பதில்: அருமையான தலைப்பு, தம்பி. திசு வளர்ப்பு மரங்களில் குலை கெட்டுப்போவதற்குக் காரணம், ஒரு மரபணுவுக்குள் இருக்கும் 'கர்மா' என்ற துண்டில் மெத்திலேற்றம் இழக்கப்படுவதே என்று 2015-இல் மலேசிய செம்பனை வாரியத்தின் குழு காட்டியது. உங்கள் வேலை அதன் தொடர்ச்சி என்பதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது அனைத்துலக உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல் ஒன்றியம் தரும் வுட்–வீலன் ஆய்வு உதவி. சொந்த ஆய்வகத்தில் இல்லாத ஒரு முறையைப் பயில ஒன்று முதல் நான்கு மாதம் வரை வேறு நாட்டுக்குப் போகும் இளம் ஆய்வாளர்களுக்கானது. அழைப்புக் கடிதம், உங்கள் மேற்பார்வையாளரின் கடிதம், ஆய்வுத் திட்டம், செலவுக் கணக்கு ஆகியவை வேண்டும். இந்த வரிசையில் முதலில் கையில் இருக்க வேண்டியது அழைப்புக் கடிதம். அது இல்லாமல் மற்றவற்றை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

'நானோபோர் கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று மட்டும் எழுதினால் தேற மாட்டீர்கள். எத்தனை மரம், எத்தனை மாதிரி, எந்த வாரம் எந்த வேலை என்று எழுத வேண்டும். எட்டு வாரம் என்றால் முதல் வாரம் மாதிரிகளின் தரம் பார்க்க, அடுத்த மூன்று வாரம் டி.என்.ஏ. நூலகம் (கருவி படிப்பதற்கேற்பத் தயார்செய்த டி.என்.ஏ. தொகுப்பு) தயாரித்து வரிசை படிக்க, மீதி தரவுப் பகுப்பாய்வுக்கு என்று வகுக்கலாம். பகுப்பாய்வுக்கு ஒரு வாரம் மட்டும் ஒதுக்குகிறவர்கள் வெறும் கோப்புகளோடுதான் ஊர் திரும்புவார்கள்.

மாதிரி அனுப்புவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. நானோபோருக்கு நீளமான டி.என்.ஏ. இழைகள் வேண்டும். செம்பனை இலையில் பாலிஃபீனாலும் சர்க்கரைப் பொருள்களும் மிகுதி. அவை ஒட்டிக்கொண்டு வந்தால் நானோபோர் துளைகள் அடைபட்டுப்போகும். தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதங்களில் 260/280 அளவு 1.8 அருகிலும், 260/230 அளவு 2.0-க்கு மேலும் வரும்வரை இங்கேயே சுத்தம் செய்யுங்கள். பிப்பெட் முனையை நறுக்கி அகலமாக்கிக்கொண்டு மெதுவாக உறிஞ்சுங்கள், இல்லாவிட்டால் இழை துண்டாகும். உறைய வைத்து உருக்கி, மறுபடி உறைய வைப்பதும் இழையை உடைக்கும். ஆகவே 4 டிகிரியில் வைத்து, ஐஸ் பொதிகளோடு திங்கட்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் வார இறுதி முழுவதும் சுங்கக் கிடங்கில் கிடக்கும். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் அனுமதி. நம் நாட்டின் உயிரியல் வளப் பயன்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. செம்பனை இலையோ அதன் டி.என்.ஏ.வோ ஆய்வுக்காக வெளிநாடு போகும் முன், அனுமதி பற்றி உங்கள் பல்கலைக்கழக ஆய்வு நிர்வாகப் பிரிவில் கேளுங்கள். மாதிரிகளைக் கைமாற்ற இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தமும் (Material Transfer Agreement) வேண்டும். ஆஸ்திரேலிய இறக்குமதி அனுமதியை அந்த ஆய்வகத்தையே எடுக்கச் சொல்லுங்கள். பயணத் தேதிக்கு ஐந்தாறு மாதம் முன்பே இதைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது. பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுக்கு எம்போ, ஹியூமன் ஃபிரண்டியர், மரீ கியூரி ஆகிய மூன்று உதவிகளில் எது எனக்குச் சரி?

பதில்: சகோதரி, எம்போ என்பது 1964-இல் தொடங்கிய ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு. இரண்டு ஆண்டு வரை உதவும். மலேசியா உறுப்பு நாடு இல்லை, என்றாலும் நீங்கள் போகும் ஆய்வகம் உறுப்பு நாட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வேண்டும்.

ஸ்டிராஸ்பர்கில் 1989 முதல் இயங்கும் ஹியூமன் ஃபிரண்டியர் திட்டம் மூன்று ஆண்டு தரும். மலேசியர் அதன் உறுப்பு நாட்டு ஆய்வகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஎச்.டி. வேலையையே நீட்டி எழுதினால் அங்கே தள்ளிவிடுவார்கள். பூஞ்சையில் வேலை செய்தவர் நரம்பணுவுக்குப் போகிறார் என்பது போன்ற உண்மையான மாற்றத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மரீ கியூரி முதுமுனைவர் உதவிக்குப் பட்டம் பெற்ற நாளிலிருந்து 8 ஆண்டு வரை இடமுண்டு. முன்பு சொன்ன 12 மாத விதி இதற்கும் பொருந்தும், ஆனால் இங்கே 36 மாதங்களை விண்ணப்ப இறுதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள்.

வாய்மொழித் தேர்வு நாள், செனட் அங்கீகரித்த நாள், பட்டமளிப்பு நாள் மூன்றும் வேறு வேறு. எந்த அமைப்பு எந்த நாளைக் கணக்கில் எடுக்கிறது என்று விதிமுறையில் பார்த்து, அந்த நாள் இருக்கும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் இப்போதே வாங்கி வையுங்கள். குழந்தைப் பேற்றால் விட்ட காலத்தைக் காட்டிக் காலவரம்பை நீட்டிக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எம்போவும் ஹியூமன் ஃபிரண்டியரும் குழந்தைக்கான படியும் தருகின்றன.

உங்கள் நிலையில் எம்போவுக்கும் மரீ கியூரிக்கும் ஒரே ஆய்வகத்தின் துணையோடு சேர்த்தே தயாராவதுதான் சரி என்று நினைக்கிறோம். ஆய்வகத் தலைவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். அவருடைய அண்மைக் கட்டுரையில் விடை கிடைக்காத ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் கொண்டுவரும் முறை, நீங்கள் குறிவைக்கும் உதவியின் பெயரும் இறுதி நாளும் இருந்தால் போதும். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் அது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நான். இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் வார இறுதியில் வருகிறார்கள். செலவில்லாமல் இந்தத் துறையை அவர்களுக்குக் காட்ட முடியுமா?

பதில்: முடியும். முதல் பதிலில் சொன்ன ஐரோப்பிய ஆய்வகத்தின் ஹிங்ஸ்டன் கிளை பங்கேற்று நடத்தும் யூனிப்ராட் (UniProt) என்ற புரதத் தரவுத்தளம் எல்லாருக்கும் இலவசம், கைப்பேசியிலும் திறக்கும். அதில் P15252 என்று தேடச் சொல்லுங்கள். பால்மரத்து ரப்பர்த் துகளில் உள்ள ஒரு புரதம் வரும். பால்வெட்டுத் தொழிலோடு பிறந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் இல்லை. கையுறை ஒவ்வாமைக்குக் காரணமான புரதங்களில் அதுவும் ஒன்று. அதன் அமினோ அமில வரிசையை நோட்டில் எழுதவிட்டு, எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதே பக்கத்திலிருந்து ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் கணித்த புரத வடிவத்தைத் திறந்து விரலால் சுழற்றிப் பார்க்கட்டும். நீல நிறப் பகுதிகளில் கணிப்பு நம்பகமானது, ஆரஞ்சு நிறப் பகுதிகளை நம்பக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.