பல், கண் இன்சூரன்ஸ்: எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். 2026-ஆம் ஆண்டுக்கான இன்சூரன்ஸைத் தேர்ந்தெடுக்கக் கணவரின் ஆபீஸில் இரண்டு வாரம்தான் அவகாசம் தந்திருக்கிறார்கள். பல்லுக்கு இரண்டு திட்டங்கள். எச்எம்ஓ (நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியின் ஒப்பந்தப் பட்டியலில், உள்ள டாக்டர்களிடம் மட்டும் போகும் வகை) மாதம் 38 டாலர். பிபிஓ (பட்டியலுக்கு வெளியேயும் போக இடம் தரும் வகை) மாதம் 96 டாலர். அதில் ஆளுக்கு ஆண்டு உச்சவரம்பு 2,000, பிள்ளைகளின் பிரேசஸுக்கு (பல்லை வரிசைப்படுத்தும் கம்பிக்கு) வாழ்நாள் வரம்பு 2,000. கண்ணுக்கு மாதம் 17 டாலர். எல்லாமே நால்வருக்கும் சேர்த்து. கணவருக்கு 46 வயது, சர்க்கரை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் திருச்சியில் ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இம்ப்ளான்ட் (எலும்பில் திருகைப் பதித்து வைக்கும் செயற்கைப் பல்) வைக்க வேண்டும். மகளுக்கு (13) பிரேசஸ் போடச் சொல்கிறார்கள். மகனுக்கு (8) இரண்டு சொத்தை. நானும் மகளும் கண்ணாடி போடுகிறோம். எதை எடுப்பது?

பதில்: சகோதரி, ஹெல்த் இன்சூரன்ஸை மனதில் வைத்துக்கொண்டு பல் இன்சூரன்ஸைப் பார்த்தால் கணக்கு தவறிவிடும். ஹெல்த் இன்சூரன்ஸில் நீங்கள் கொடுக்கும் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கம்பெனி கொடுக்கும். பல் திட்டங்களில் பெரும்பாலும் நேர்மாறு. கம்பெனி கொடுப்பதற்குத்தான் எல்லை. அதைத் தாண்டினால் எல்லாம் உங்கள் பாடு. ஆகவே விளம்பரத் தாளில் இருக்கும் '100-80-50' என்ற வரியை (கிளீனிங், செக்கப்புக்கு 100 சதவீதம், ஃபில்லிங்குக்கு 80, பல்லுக்கு உறையாகப் போடும் கிரவுன் போன்ற பெரிய வேலைகளுக்கு 50) முதலில் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு அடுத்த ஆண்டு என்னென்ன வேலை வரப்போகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

பிபிஓவுக்கு ஆண்டுக்கு 1,152 டாலர், எச்எம்ஓவுக்கு 456. வித்தியாசம் 696. இந்த 696 டாலருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

பெரிய செலவு பிரேசஸ். மொத்தம் 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பிபிஓ பாதி கொடுப்பதாகச் சொன்னாலும் வாழ்நாள் வரம்பு 2,000 என்பதால் மீதி 4,000 உங்கள் கையிலிருந்துதான். எச்எம்ஓ வேறு மாதிரி: சதவீதம் கிடையாது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலையான கோபே (நீங்கள் கட்ட வேண்டிய தொகை) எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் ஆண்டு வரம்பும் இருக்காது. வளரும் பிள்ளைகளுக்கான முழு பிரேசஸ் சிகிச்சைக்கு டி8080 என்று ஒரு குறியீடு உண்டு. எச்எம்ஓவின் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி அந்த எண்ணுக்கு எதிரே என்ன தொகை என்று பாருங்கள். 4,000-ஐ விடக் கணிசமாகக் குறைவாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஆரம்பப் பரிசோதனை, எக்ஸ்ரே, பல் நகராமல் இருக்கக் கடைசியில் போடும் ரிடெய்னர் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எச்எம்ஓ சறுக்குவது டாக்டர் விஷயத்தில். முதலில் ஒரு பொது பல் டாக்டரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். அவர் எழுதித் தந்தால்தான் ஸ்பெஷலிஸ்டிடம் போகலாம். நெட்வொர்க்குக்கு வெளியே போனால் அவசரத்தைத் தவிர ஒரு காசும் வராது. இணையத்தில் உள்ள டாக்டர் பட்டியல் பழையதாக இருப்பது சகஜம். எனவே கிளினிக்கையே போனில் கூப்பிட்டு, 'இந்தக் கம்பெனியை எடுத்துக்கொள்கிறீர்களா' என்று மட்டும் கேட்காமல், திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, 'இதில் புது நோயாளிகளைச் சேர்க்கிறீர்களா, முதல் அப்பாயின்ட்மென்ட் எப்போது' என்று கேளுங்கள். ஒரே கம்பெனிக்கு நாலைந்து நெட்வொர்க் இருக்கும். 'எடுக்கிறோம்' என்று ரிசப்ஷனில் சொன்னதை நம்பிப் போய், வெளி நெட்வொர்க் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர். எடிசனிலோ அரை மணி நேரத் தூரத்திலோ நல்ல பிரேசஸ் டாக்டர் எச்எம்ஓவில் கிடைத்து, தொகையும் குறைவாக இருந்தால், எச்எம்ஓவைத் தயங்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால் பிபிஓ.

பிபிஓ என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். பிரேசஸ் பணத்தை ஒரே தடவையில் தரமாட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு பகுதி, மீதி தவணை தவணையாக. நடுவில் வேலை மாறினால் தவணை நின்றுவிடும். ஏற்கெனவே தொடங்கிய சிகிச்சையைப் புதுத் திட்டம் ஏற்குமா என்பது அதன் விதியைப் பொறுத்தது. வேலை மாறும் எண்ணம் இருந்தால் இதை முன்கூட்டியே விசாரியுங்கள்.

கணவரின் இம்ப்ளான்ட்டுக்கு வருவோம். திட்ட ஆவணத்தில் 'மிஸ்ஸிங் டூத்' என்று ஒரு விதி இருக்கிறதா என்று தேடுங்கள். திட்டத்தில் சேர்வதற்கு முன்பே போன பல்லுக்கு இம்ப்ளான்ட், பிரிட்ஜ், கழற்றும் பல்செட் எதற்கும் பணம் தரமாட்டோம் என்பது அதன் பொருள். அது இருந்தால் அவருக்கு பிபிஓவால் இந்த விஷயத்தில் பயனில்லை. பல எச்எம்ஓக்களில் இம்ப்ளான்ட்டே இருக்காது. விதி இல்லாமல், பிபிஓவில் இம்ப்ளான்ட்டும் சேர்ந்திருந்தால் பாதிப் பணம் வரும், 2,000 வரம்புக்குள். இதில் ஒரு வசதி உண்டு. எலும்பில் திருகைப் பதித்தபின் அது பிடிக்க வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பிறகுதான் மேலே கிரவுன். திருகை இலையுதிர் காலத்திலும் கிரவுனை ஜனவரிக்குப் பிறகும் வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுகளின் வரம்பும் பயன்படும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்பு சரியாகப் பிடிக்காமல் போகும் அபாயம் கூடும். தேதி குறிக்கும் முன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) பார்த்துவிடுங்கள். எந்தப் பெரிய வேலைக்கும் முன்னால் டாக்டரிடம் 'ப்ரீ-ட்ரீட்மென்ட் எஸ்டிமேட்' அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி எவ்வளவு தரும் என்பது எழுத்தில் வரும். கட்டணம் கிடையாது, சில வாரம் ஆகலாம்.

ரூட் கெனாலையும் இப்படி டிசம்பர், ஜனவரி என்று பிரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சில வாரம் என்றால் சரி. ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல்லைக் கிரவுன் போடாமல் மாதக்கணக்கில் விட்டால் பிளந்துபோகும். அப்புறம் அதுவும் இம்ப்ளான்ட் செலவுதான்.

மகனின் சொத்தைக்கு எந்தத் திட்டமும் போதும். பல்லின் நிறத்தில் உள்ள ஃபில்லிங்கைக் கடைவாய்ப்பல்லில் வைத்தால் சில பிபிஓக்கள் வெள்ளி ஃபில்லிங்கின் விலைக்குத்தான் பணம் தரும், வித்தியாசம் உங்களுடையது. புதிதாக முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பற்களுக்கு 'சீலன்ட்' (சொத்தை வராமல் தடுக்கும் பூச்சு) போட்டுவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் திட்டத்திலேயே அடங்கும். கிளீனிங் விதி 'ஆண்டுக்கு இரண்டு' என்றா, 'ஆறு மாதத்துக்கு ஒன்று' என்றா என்றும் பாருங்கள். பின்னது என்றால் ஒரு நாள் முந்திப் போனாலும் பணம் வராது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக ஒரு கிளீனிங் தரும் திட்டங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். முன்பு சேராமல் இப்போதுதான் சேர்கிறீர்கள் என்றால், பெரிய வேலைகளுக்கும் பிரேசஸுக்கும் 12 மாதக் காத்திருப்பு போடுவார்களா என்று எச்ஆரிடம் கட்டாயம் கேளுங்கள். பிரேசஸை 2026-இல் தொடங்க நினைத்திருக்கும் உங்களுக்கு அந்த ஒரு பதில் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

எந்தத் திட்டத்தை எடுத்தாலும் மீதிப் பணத்துக்கு ஆபீஸின் எஃப்எஸ்ஏவைப் (மருத்துவச் செலவுக்காகச் சம்பளத்தில் ஒதுக்கும் கணக்கைப்) பயன்படுத்துங்கள். 2026-க்கு வரம்பு 3,400 டாலர். இது வரி பிடிப்பதற்கு முன் சம்பளத்திலிருந்து போகும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தாலும் முழுத் தொகையையும் ஆண்டின் முதல் நாளிலிருந்தே செலவழிக்கலாம். பிரேசஸ் முன்பணத்துக்கு இதைவிடத் தோதான வழி இல்லை. செலவாகாதது திரும்ப வராது. ஆபீஸ் அனுமதித்தால் ஒரு சிறு பகுதி மட்டும் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆகவே நிச்சயமான செலவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். உங்களுக்கு எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) இருந்தால் சாதாரண எஃப்எஸ்ஏ கூடாது. பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான 'லிமிடெட் பர்ப்பஸ்' வகையைத்தான் எடுக்க வேண்டும். இம்ப்ளான்ட்டை ஊருக்குப் போகும்போது திருச்சியிலேயே வைத்துக்கொண்டாலும் எஃப்எஸ்ஏவில் கேட்கலாம். நோயாளி பெயர், தேதி, செய்த வேலை, தொகை நான்கும் தெளிவாக உள்ள ஆங்கில பில் வேண்டும். அங்கிருந்து வாங்கி வரும் மருந்து மாத்திரை இதில் சேராது.

கண் திட்டத்துக்கு ஆண்டுக்கு 204 டாலர். கண்ணாடி போடுபவர்கள் இருவர். நீங்கள் இருவரும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்து, நெட்வொர்க் கடையிலேயே கண்ணாடி வாங்குவதானால் போட்ட பணம் திரும்பிவிடும். ஊருக்குப் போகும்போது கண்ணாடி செய்துகொள்ளும் வழக்கம் உண்டென்றால் இந்தத் திட்டம் வேண்டாம். வெளிக்கடை பில்லுக்கு அவர்கள் தருவது சொற்பம். ஃப்ரேம் 12 மாதத்துக்கு ஒன்றா, 24 மாதத்துக்கு ஒன்றா என்று பாருங்கள். கண்ணாடியும் கான்டாக்ட் லென்ஸும் ஒரே ஆண்டில் இரண்டும் பெரும்பாலும் கிடைக்காது. பில் ஏறுவது ஃப்ரேமில் இல்லை, லென்ஸில்தான். ப்ரோக்ரெசிவ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்), கிளேர் தடுக்கும் பூச்சு ஒவ்வொன்றுக்கும் தனி ரகம், தனி விலை. ஆர்டர் கொடுக்கும் முன் ஒவ்வொன்றின் விலையையும் தாளில் எழுதி வாங்குங்கள். பரிசோதனை முடிந்ததும், நீங்கள் கேட்காமலேயே, பவர் சீட்டைக் கையில் தர வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். அதை வைத்து வேறெங்கும் வாங்கலாம். இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைச் சீட்டில் எழுதித் தரும் கட்டாயம் மத்திய விதியில் இல்லை. அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவருக்குக் கண்ணாடி இல்லையென்பதால் அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு ஆண்டுக்கொருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பது அவசியம். பார்வை மங்கும் வரை காத்திருந்தால் பாதிப்பு முற்றிவிட்டிருக்கும். அந்தப் பரிசோதனை பெரும்பாலும் கண் திட்டத்தில் வராது, ஹெல்த் இன்சூரன்ஸில்தான் வரும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே 'டயபெடிக் கண் பரிசோதனை' என்று சொல்லி, ஹெல்த் இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.