செகண்ட் ஹேண்ட் கேம் வாங்கலாமா? கேள்வி பதில்

சோனியின் பிஎஸ்3 (ப்ளேஸ்டேஷன் 3 கேம் கன்சோல்) காலத்திலிருந்து கேம் டிஸ்க் வாங்குவது, ஆடுவது, விற்பது என்று காலம் ஓடுகிறது. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, பிஎஸ்5 வாங்கியாச்சு. புது கேம் 4,999 ரூபாய் சொல்றாங்க. பழசு வாங்கினா ஏமாந்துடுவேனோன்னு பயம். என்ன பண்ணலாம்?

தனியாக ஆடும் கதை கேம் என்றால் பழசே போதும் தம்பி. கடைக்காரர் சொல்லும் விலையைவிட, கடைசியில் உன் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு என்று பார். 4,999க்குப் புதிதாக வாங்கி, ஆடி முடித்து 3,600க்கு விற்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். போனது 1,399. வேறொருவன் அதே டிஸ்க்கை உன்னிடம் 3,600க்கு வாங்கி, இரண்டு மாதம் கழித்து 3,000க்குத் தள்ளிவிடுகிறான். அவனுக்குப் போனது 600. விலை வேகமாக இறங்குவது முதல் சில மாதங்களில்தான். அந்த இறக்கத்தை இன்னொருவர் தலையில் விட்டுவிடு.

புதிதாகத்தான் வாங்குவேன் என்றால், வெளியான வாரமே வாங்கி உடனே முடித்து விற்றுவிடு. வாங்கி அலமாரியில் வைத்து ஒரு வருடம் கழித்து ஆடுகிறவர்களுக்குத்தான் இரட்டை நஷ்டம். நானும் அந்த ரகம்தான், அது வேறு கதை.

பழைய டிஸ்க்கில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். டிஸ்க்கை வெளியே எடுத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் தொல்லை தராது. வட்டமாக, டிஸ்க் சுழலும் திசையிலேயே போகும் கீறல்தான் ஆபத்து. ஒரே தடத்தில் நீளமாகத் தரவை மறைத்துவிடும். நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் பேரமே வேண்டாம்.

“பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் சார்” என்பார்கள். அது பிஎஸ்2 காலத்து டிவிடிக்குச் சரி. டிவிடியில் தரவு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், மேலே தேய்க்க இடம் உண்டு. பிஎஸ்3 முதல் வருவது ப்ளூ-ரே என்ற வேறு வகை டிஸ்க். இதில் மேற்பரப்புக்கும் தரவுக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் ஒரு கடினப் பூச்சு இருப்பதால் லேசில் கீறல் விழாது. ஆழமாக விழுந்துவிட்டால், தேய்த்துச் சரிசெய்ய அங்கே இடமே இல்லை.

அப்புறம், கேம் திறப்பதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் ஏமாந்தேன். விற்றவர் தன் கன்சோலில் போட்டு முதல் திரையைக் காட்டினார். வீட்டுக்கு வந்து போட்டால் இன்ஸ்டால் பாதிக்கு மேல் நகரவே இல்லை. முழுதும் ஏறுவதற்கு முன்பே பல கேம்கள் ஆரம்பித்துவிடும், அதில்தான் கோட்டை விட்டேன். முடிந்தால் இணையத்தை அணைத்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து 100 சதவீதம் ஏறும் வரை பக்கத்திலேயே இருங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம், சில கேம்களுக்கு இரண்டு டீ.

இன்ஸ்டாகிராமில் 500 ரூபாய்க்கு அக்கவுண்ட்டோடு கேம் தருகிறார்களே?

வேண்டாம். அது அவர்கள் அக்கவுண்ட். பாஸ்வேர்டை மாற்றினாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ நீங்கள் போய்க் கேட்க இடமில்லை.

துபாயில் இருக்கும் மாமா பழைய பிஎஸ்4 டிஸ்க்குகள் கொண்டுவருகிறார். இங்கே ஓடுமா?

ஓடும். ஆனால் அந்தக் கேமுக்கான கூடுதல் பகுதிகளை நம் ஊர் அக்கவுண்ட்டில் வாங்கினால் சேராமல் போகலாம். டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்போ அந்த நாட்டு ஸ்டோரில்தான் வாங்க வேண்டும். பெட்டிக்குள் கூடுதல் பகுதிகளை இறக்கிக்கொள்வதற்கான கோட் சீட்டு இருந்தால் அது ஏற்கெனவே பயன்படுத்தியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ‘கம்ப்ளீட் எடிஷன்’ என்று போட்டிருந்தால், எல்லாம் டிஸ்க்கிலேயே இருக்கிறதா, கோட்டாக வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

என்னுடையது பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன். டிஸ்க் போட வழி உண்டா?

2020இல் வந்த பழைய மாடல் என்றால் இல்லை. 2023இல் வந்த ஸ்லிம் மாடலுக்கும் பிஎஸ்5 ப்ரோவுக்கும் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். முதல் தடவை இணைக்கும்போது இணையம் தேவை.

டிஸ்க் வைத்திருந்தால் கேம் என்றைக்கும் நம் சொந்தம்தானே?

பாதி உண்மை. டிஜிட்டலில் வாங்குவது ஆடுவதற்கான உரிமம் மட்டுமே, விற்கவும் முடியாது. டிஸ்க்கை விற்கலாம், கடன் கொடுக்கலாம். 2013இல் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்தியபோது மைக்ரோசாஃப்ட் இதற்கும் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஜூன் மாதமே பின்வாங்கியது. டிஸ்க்கை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பதை மட்டும் காட்டி, “எங்கள் கன்சோலில் கேமைப் பகிர்வது இப்படித்தான்” என்று சோனி அதற்குள்ளேயே ஒரு குட்டி வீடியோ வெளியிட்டுக் கிண்டல் செய்தது.

ஆனால் எப்போதும் சர்வரோடு பேசும் கேம் என்றால் டிஸ்க்கும் காப்பாற்றாது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ சர்வர்களை மூடியதும், அதன் டிஸ்க்குகள் வெறும் பளபளப்பான வட்டமாகிவிட்டன. இந்த மாதிரி கேமைப் பழசாக வாங்குவதற்கு முன், சர்வர் இன்னும் ஓடுகிறதா என்று தேடிப் பாருங்கள்.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு கேம் கார்டு வாங்கினேன். போட்டால் டவுன்லோடு கேட்கிறது. போலியா?

போலி இல்லை. ‘கேம்-கீ கார்டு’ என்று ஒரு வகை. உள்ளே கேம் இருக்காது, சாவி மட்டும்தான். மறுவிற்பனைக்குத் தடையில்லை, ஆனால் டவுன்லோடு செய்யாமல் ஆட முடியாது. அட்டையின் முன்பக்கம் கீழே போட்டிருப்பார்கள்.

பழசு வாங்கினால் கேம் செய்தவர்களுக்கு ஒரு பைசாவும் போகாதே, உறுத்தவில்லையா?

போகாதுதான். பெரிய நிறுவனங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவதில்லை. முதல் ஆள் கொடுத்த காசு அவர்களுக்குப் போய்விட்டது, அதை விற்ற பணத்தில் அவர் அடுத்த புதுக் கேம் வாங்குகிறார். நாலைந்து பேர் சேர்ந்து செய்த சின்னக் கேம் என்றால் புதிதாகவே வாங்கிவிடுவேன்.

பையன் பிறந்தநாளுக்குப் பழைய டிஸ்க் பரிசாகக் கொடுக்கலாமா? கண்டுபிடிப்பானா?

கண்டுபிடிப்பான் அம்மா, பிளாஸ்டிக் உறை இருக்காதே. அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். புதுக் கேம் ஒன்றின் விலைக்கு, வெளியாகி நாளான கேம்களில் மூன்று பழசு வரும். எந்த மூன்று என்று அவனையே கேளுங்கள்.