ஏதேனும் ஒரு பட்டம்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பில்களைக் கணினியில் பதியும் வேலைக்கு ஆள் எடுத்தோம். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர் வந்து சேர்ந்திருக்கிறார். இந்த வேலைக்கு அவ்வளவு படித்தது வீண்தானே?

பதில்: அவரைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் விளம்பரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று போட்டிருப்பீர்கள். இயற்பியலோ வரலாறோ எதுவானாலும் சரி என்றால், அந்த மூன்று வருடப் பாடத்தில் ஒரு வரிகூட இந்த வேலைக்குத் தேவையில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரிதானே? குவிகிற விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்க அலுப்பாக இருக்கிறது, பட்டத்தைச் சல்லடையாக்கிவிட்டீர்கள். லெஸ்டர் தரோ என்ற பொருளாதார அறிஞர் 1970களிலேயே வேலைச் சந்தையை ஒரு வரிசையாகப் பார்த்தார்: முன்னால் நிற்க ஒருவர் கூடுதலாகப் படித்தால், பின்தங்கிவிடக் கூடாதே என்று பக்கத்தில் நிற்பவரும் படித்தாக வேண்டும், எல்லோரும் படித்து முடித்த பிறகு பார்த்தால் வேலை என்னவோ அதே பில்தான்.

சரி, வீணா? முழுக்க இல்லை. டங்கன், ஹாஃப்மன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1981-ல் அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். வேலைக்குத் தேவையான ஒரு வருடப் படிப்பு சம்பளத்தில் எவ்வளவு கூட்டுகிறதோ, தேவைக்கு மிஞ்சிய ஒரு வருடம் அதில் ஏறக்குறைய பாதி கூட்டியது. மீதிப் பாதி அவருக்கு நஷ்டம், அதையும் நீங்கள் கொடுக்கப் போவதில்லை.

நீங்கள் கேட்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் முன்பு இருந்த ஒரு பத்திரிகையில் பள்ளிப்படிப்போடு வந்த ஒருவர் பிழை திருத்திக்கொண்டிருந்தார். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று ஆசிரியர் குழுவே (நான் உட்பட) அவரிடம்தான் போய் நிற்போம். தலைமைத் திருத்துநர் இடம் காலியானபோது பட்டம் இல்லை என்று அவரை விட்டுவிட்டு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். வந்தவர் நல்ல மனிதர், முதல் வாரமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார், சம்பளம் மட்டும் இவரைவிடக் கூடுதல்.

உங்களிடம் பில் பதிந்துகொண்டே பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் பழைய ஆள் யாராவது இருக்கிறாரா? அடுத்த இடம் காலியாகும்போது விளம்பரம் கொடுப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்புறம் அந்த இயற்பியல்காரர் வேறு வேலை தேட ஒரு நாள் லீவு கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுங்கள்.